ஆள்காட்டி விரலும் மாவுப்பூச்சியும்

அந்த நர்சரிக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த ஆட்கள்கூடத் தொட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, "அக்கா, இது பூக்குமா?" என்றுதான் கேட்பார்கள். "பூக்காம எங்க போகும்?" என்பாள். செடி தன் சொல்லைத் தட்டாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் கணவர் தட்டமாட்டார், நர்சரியில் தம்பி தட்டமாட்டான், செடிக்கு மட்டும் அவ்வளவு தைரியம் எங்கிருந்து வரும்?

தம்பி என்றால் கூடப் பிறந்த தம்பி. நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறான், காதோரம் நரைத்தாயிற்று, கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்று அக்கா வீட்டோடு ஒதுங்கிக்கொண்டவன். ஒட்டுக் கட்டுவதில் அவன் கைக்கு நல்ல பெயர். காட்டு ரோஜாவின் தண்டைக் கீறி, நல்ல ரகத்திலிருந்து ஒரே ஒரு மொட்டைச் சீவியெடுத்து, கீறலுக்குள் செருகி, வலது ஆள்காட்டி விரலின் நுனியால் மெல்ல ஓர் அழுத்து அழுத்துவான். அப்புறம் நாடா சுற்றுவான். அழுத்தம் கூடினால் மொட்டு நசுங்கிவிடும், குறைந்தால் ஒட்டாமல் காய்ந்துவிடும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அது அந்த விரலுக்குத்தான் தெரியும். அந்த நர்சரியின் ரோஜாக்கள் எல்லாம் அந்த ஒரு விரலின் தயவில் பூத்தவை.

அந்த விரலின் நுனிதான் இப்போது நீலம் பாய்ந்து, நகத்தோரம் புண் வைத்து, ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

முதலில் வந்தது விரலுக்கு இல்லை, காலுக்கு. போன வருஷம் இடது கால் சுண்டுவிரல் ஐஸ் மாதிரி சில்லிட்டுப் போனது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். தம்பி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். நர்சரியின் சின்ன வேனை ஓட்டி வீடு வீடாகச் செடி இறக்கிவைப்பது அவர் வேலை. இறக்கிவைக்கிற வீட்டிலெல்லாம் ஒரு வைத்தியக் காரணத்தை ஏற்றிக்கொண்டு வருவது அவர் பழக்கம். ஒருநாள் ரப்பர் செருப்பு, மறுநாள் ஈரத் தரை, அதற்கு மறுநாள் ரத்தம் தடித்துப்போய்விட்டது. "மாப்ளே, காலைத் தொங்கப் போட்டுத் தூங்கு" என்றுகூடச் சொன்னார். எப்படித் தூங்குவது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் அக்கா அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தக்குழாய் டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. பர்ஜர் நோய் என்று ஒரு பெயர் சொன்னார். கையிலும் காலிலும் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் உள்ளே வீங்கி, ரத்தம் உறைந்து, அடைத்துக்கொள்கிற நோயாம். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். தம்பி உண்மையைச் சொன்னான். அக்காவுக்கு அதுவரை தெரிந்த கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? உலகத்தில் எல்லோரும்தான் குடிக்கிறார்கள், இவனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியாதுங்க. யாருக்கும் முழுசாத் தெரியாது. பொறப்புலயே வர்ற ஏதோ ஒண்ணு காரணமா இருக்கலாம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புகையிலையைப் பாத்து மிரண்டு, சொந்த ரத்தக்குழாயை அடிக்குதோன்னும் சொல்றாங்க. ஈறு கெட்டுப்போனா அந்தக் கிருமிக்கும் இதுல பங்கு இருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. இதெல்லாம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா புகையிலை இல்லாம இது வர்றதில்ல. புகையிலையை அறவே விடாம இது நிக்கிறதும் இல்ல."

அறவே என்றால் அறவே என்று அழுத்திச் சொன்னார். குறைத்துக்கொள்வது, மெல்லுவது, மூக்குப்பொடி, அடுத்தவன் விடுகிற புகையை நின்று முகர்வது, எதுவும் கூடாது. கறுத்துப்போன கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் தம்பி கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்த சிகரெட் பாக்கெட்டுகளை எல்லாம் வாரி அக்கா கையில் கொடுத்து, "கண்ணு முன்னால இருந்து எடுத்துட்டுப் போ" என்றான். விட்டுவிட்டான். எரிந்து விழுந்தான், நகத்தைக் கடித்தான், யாரும் கேட்காமல் தொட்டிகளை எல்லாம் இடம் மாற்றி அடுக்கினான், ஆனால் விட்டுவிட்டான். டாக்டரம்மா சொன்ன ஈறு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட அக்காவின் வீட்டுக்காரர் மட்டும், தினமும் காலையில் அவனை வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகரெட்டுகளைக் குப்பையில் போட அக்காவுக்கு மனசு வரவில்லை. காசு போட்டு வாங்கியதாயிற்றே! நர்சரியில் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடாரத்துக்குள் அந்த வருஷம் மாவுப்பூச்சி படையெடுத்திருந்தது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற சனியன். கடை மருந்து எல்லாம் விஷம், தம்பி இருக்கிற நிலைமையில் அவன் பக்கத்தில் விஷமே வரக்கூடாது என்பது அக்காவின் சட்டம். அதனால் சிகரெட்டுகளைப் பிரித்து, தூளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கொஞ்சம் சோப்பு சீவிப் போட்டுக் குச்சியால் கலக்கினாள். இயற்கை மருந்து; பூச்சி பொத்துப் பொத்தென்று விழுந்தது. "உன்னைக் கொல்ல வந்தது பூச்சியைக் கொல்லுது பாரு" என்று தம்பியிடம் பெருமை அடித்துக்கொண்டாள். சிகரெட் தீர்ந்ததும், கடையிலிருந்து புகையிலைக் காம்பும் கழிவும் மூட்டையாக வாங்கி அதே வைத்தியத்தைத் தொடர்ந்தாள்.

தெளித்தால் மட்டும் மாவுப்பூச்சி போகாது. இடுக்குகளைத் துடைக்க வேண்டும். தம்பி ஆள்காட்டி விரலில் பழைய துணியைச் சுற்றி, வாளியில் முக்கி, ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பான். கையில் உறை போட்டால் விரலுக்குத் தகவல் வராது, இளம் மொட்டு ஒடிந்துவிடும் என்பான். செய்கிற வேலையில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

வெயில் காலம் முழுக்க இப்படிப் போனது. அப்புறம்தான் விரல் நுனி வெளுத்தது, நீலமானது, நகத்தோரம் புண் வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு, துடைக்கிற வேலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். புண் ஆறவில்லை. டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிகரெட்டை விட்டவர்களுக்கு இப்படிப் புதிதாக வருவது அபூர்வம் என்றார். சிறுநீர் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உடம்புல நிகோடின் இருக்கும்மா. கொஞ்சநஞ்சம் இல்ல, நல்லாவே இருக்கு. இப்படியே போனா விரலை முதல் கணு வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும். அடுத்த மாசம் பாத்து முடிவு பண்ணலாம்."

அக்காவுக்குப் பயம் வந்தது. அடுத்த நிமிஷமே அது கோபமாகப் பொங்கிவிட்டது. வேனில் ஏறியதும் கொட்டித் தீர்த்தாள். கால்விரலைக் கொடுத்தும் புத்தி வரவில்லையா, யார் தலையில் மிளகாய் அரைக்கிறாய், உனக்காக அந்த டாக்டரம்மா முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே என்றாள். தம்பி முதலில் சிரித்தான், டாக்டர் வேறு யாருடையதையோ மாற்றிச் சொல்லியிருப்பார் என்றான். அப்புறம் சத்தியம் செய்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ நம்பலைன்னா விடுக்கா. விரல் போனாப் போகட்டும்."

அன்றிலிருந்து அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் காவல் காத்தாள். அவன் சட்டையை முகர்ந்தாள். படுக்கையைப் புரட்டினாள். உரச் சாக்குகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள். கழிப்பறைக்குள் போனால் வெளியே வாளியைக் கழுவுகிற பாவனையில் நின்றாள். அதையெல்லாம்கூட மன்னிக்கலாம். தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே மறித்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், "ஊது" என்பாள். நரை விழுந்த மனுஷன், கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அக்கா மூக்குக்கு நேராக ஊதுவான். ஒன்றும் வாடை வராது. வாடை வராததுதான் அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. எவ்வளவு சாமர்த்தியமாகக் குடிக்கிறான் பாவி என்று நினைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர்கூட ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "விடேன் அவனை" என்றார். அவர் அப்படிச் சொன்னதே அவளுக்கு அதிசயம், ஆனாலும் விடவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வேறு எந்த வழியாக அந்தச் சனியன் அவன் உடம்புக்குள் போயிருக்க முடியும்?

தம்பி அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். கேட்டதற்குத் தலையசைப்பான். சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவிவைப்பான். பேசாத தம்பியோடு கண்ணாடிக் கூடாரத்துக்குள் வேலை செய்வது அக்காவுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. செடிகளிடம் சத்தமாகப் பேசி, அவன் காதில் விழவைத்துப் பார்த்தாள். அதற்கும் அவன் மசியவில்லை.

ஒருநாள் காலையில் இடது கையால் இடுக்குத் துடைத்துக்கொண்டிருந்தவன், வலி தாங்காமல் வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். அக்கா பார்த்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அதட்டினாள்.

"குடு இங்க. நான் பாத்துக்கறேன். நீ போய் நிழல்ல உக்காரு."

துணியை வாங்கித் தன் விரலில் சுற்றிக்கொண்டு, வாளியில் முக்கி, தொட்டி தொட்டியாகத் துடைக்க ஆரம்பித்தாள். இதுவரை அந்த வாளியில் குச்சி விட்டுக் கலக்கியதோடு அவள் வேலை முடிந்துவிடும். கை நனைத்தது கிடையாது. இப்போது கரைசல் விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை என்று வழிந்து கை முழுக்க நனைந்தது. கூடாரத்துக்குள் வெக்கை வேறு. வேர்வையும் கரைசலும் ஒன்றாகக் கலந்து ஊறின. ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை பாதியில், வாயில் எச்சில் ஊற்றெடுத்தது. விழுங்கினாள். மறுபடியும் ஊறியது. உடம்பு ஜில்லென்று வேர்த்தது. ரோஜா வரிசை மெல்லச் சாய்ந்து, மேலே போய், திரும்பி வந்தது. தொட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்தவள், கைக்கு அகப்பட்ட காலித் தொட்டியை இழுத்து அதற்குள் வாந்தி எடுத்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அவள் வீட்டுக்காரர் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நேற்று மிச்சம் வைத்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாயே, அதுதான் என்றார். அக்கா தலை சுற்றலுக்கு நடுவே ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சுற்றல் அவளுக்குப் புதிதில்லை. இதே எச்சில், இதே ஜில்லென்ற வேர்வை, இதே புரட்டல், எப்போதோ ஒருமுறை வந்திருக்கிறது.

எப்போது என்று சட்டென்று பிடிபட்டது. அவள் கல்யாணத்துக்கு முன்னால், தம்பி முதன்முதலாக சிகரெட்டும் கையுமாக அவளிடம் அகப்பட்டுக்கொண்டான். விரலிலிருந்து பிடுங்கி, அப்படி என்னதான் இருக்கிறது இதில், பார்த்துவிடுகிறேன் என்று நெஞ்சு நிறைய ஒரே ஓர் இழுப்பு இழுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அன்று தலையைப் பிடித்துவிட்டவன் அந்தத் தம்பிதான்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். விரலில் சுற்றிய துணி பழுப்பேறிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாளியைப் பார்த்தாள். அதில் மிதக்கிற காம்புகளைப் பார்த்தாள். மண்டையில் உறைத்தது. ஐயோ, என் கையாலேயே கரைத்துக் கொடுத்தேனே என்று வாயில் அறைந்துகொண்டாள். கணவர் பயந்துபோனார், மிச்சச் சாப்பாடு மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தார். "ஏங்க, வண்டியை எடுங்க" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, நானும் சோதிச்சுப் பாக்கணும் என்றாள்.

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். உங்களுக்கு எதுக்கும்மா என்று கேட்டார். அக்கா வாளி, துணி, விரல், வாந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். ஈரப் புகையிலையைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தோல் வழியாகவே நிகோடின் உள்ளே இறங்கும் என்று தெரியும், ஆனால் குடித்தீர்களா, மென்றீர்களா என்று கேட்ட தனக்குச் செடிக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே என்றார். சிறுநீர் எடுத்துக்கொண்டு அனுப்பினார்.

முடிவைச் சொல்ல அவர் கூப்பிட்டபோது அக்காவுக்கு, நிகோடின் இல்லை என்று வந்துவிடுமோ என்றுதான் பயம். அப்படி வந்தால் தம்பி பொய்யன் ஆகிவிடுவானே! "இருக்குதும்மா, உங்களுக்கும் இருக்குது" என்று டாக்டரம்மா சொன்னதும், அக்கா நாற்காலியை விட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அறையில் அப்படி ஒரு செய்தியைக் கேட்டு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். டாக்டரம்மா மட்டும் எச்சரித்துவைத்தார். புண்ணுக்கு இது மட்டும்தான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, வாளியை நிறுத்திப் பாருங்கள், மிச்சத்தை விரல் சொல்லட்டும் என்றார்.

தம்பி ஒட்டுக் கட்டுகிற மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையோடு நாடா வெட்டிக்கொண்டிருந்தான். அக்கா எதிரே போய் நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோயிற்று. வாளியைப் பற்றி, வாந்தியைப் பற்றி, சோதனையைப் பற்றி முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவன் நாடா வெட்டுவதை நிறுத்தினான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"டாக்டர் சொல்லித்தான் என்னை நம்பணுமாக்கா?"

"இல்லடா. வாந்தி எடுக்கும்போதே நம்பிட்டேன்."

அவன் உதட்டோரம் துடித்தது. சிரிக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தான். அக்கா அழுதுவிட்டாள். தப்புதான்டா, வாசலில் நிறுத்தி ஊதச் சொன்னேனே, எந்த அக்காவாவது செய்வாளா என்று மூக்கை உறிஞ்சினாள். அன்று சாயங்காலம் அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுப் போனான். அந்தத் தட்டைக் கழுவும்போது அக்காவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வாளியையும் புகையிலை மூட்டையையும் தொலைத்துக் கட்டினார்கள். மாவுப்பூச்சிக்கு வெறும் சோப்புத் தண்ணீர், கைக்குக் கெட்டியான ரப்பர் உறை. துடைக்கிற வேலையை அக்காவின் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். உறை போட்ட கையால் அவர் ஒடித்த மொட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு மொட்டு ஒடிவதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

விரல் சொல்ல ஆரம்பித்தது. முதலில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த வலி மட்டுப்பட்டது. அப்புறம் நீலம் ஓரத்திலிருந்து பின்வாங்கியது. புண் காய்ந்து, சுருங்கி, ஒருநாள் கட்டை அவிழ்த்தபோது பொருக்கு தானாகவே உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. தம்பியின் விரல் சூடாக இருப்பதற்காக இப்படிச் சந்தோஷப்பட வேண்டியிருக்கும் என்று அவள் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

டாக்டரம்மா மறுபடியும் சோதித்தார். நிகோடின் துளிகூட இல்லை. விரல் நுனியை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்பி ஓடிவருகிறதா என்று பார்த்தார். ஓடிவந்தது. விரல் இருக்கட்டும், எடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார். இந்த நோய் எதனால் வருகிறது என்று உங்களுக்கு இப்போதாவது தெரிந்ததா என்று அக்காவின் வீட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார். இன்னும் தெரியாது, ஆனால் இனிமேல் என்னிடம் வருகிறவர்களிடம் எல்லாம் வீட்டில் செடி இருக்கிறதா என்று கேட்பேன் என்று டாக்டரம்மா சிரித்தார்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வேனை எடுத்துவரப் போனார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனிமேல் எத்தனை ரோஜா ஒட்டுக் கட்ட வேண்டும், எந்த ரகத்தை முதலில் எடுக்க வேண்டும் என்று தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். தம்பி பின்னால் நின்றுவிட்டான். திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஆறிய அந்த ஆள்காட்டி விரலை நீட்டி, கிட்டே வா என்று மடக்கிக் கூப்பிட்டான். என்னவோ ஏதோ என்று அருகில் போனாள்.

"ரிசல்ட்ல உனக்கும் இருந்துச்சுல்ல?" என்றான். "ஊது."

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அக்கா அந்த வாசலில் நின்று தம்பியின் முகத்துக்கு நேராக நெஞ்சு நிறைய ஊதினாள்.